அடி தெரியாத தண்ணீர்

குன்றத்தூர்
9 மே 2025

அண்ணிக்கு,

நீங்கள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால் தாளில் எழுதி அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். "நான் இன்னா போஸ்ட்மேனா? ரெண்டு பேரும் ஒரே வூட்டுல சாப்ட்டவங்கதானே, மூஞ்ச பாத்துப் பேசினா இன்னா?" என்று நான் தங்கியிருக்கிற தோழி சசிரேகா வீட்டு வாசலில் நின்று கத்தினார். கத்தட்டும். உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் பேசமாட்டேன். ஏதாவது செய்துவிடுவேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்காமலே எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டீர்கள். அதனால் நானே சொல்கிறேன், படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண்கள் நீச்சல் வகுப்பு. சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலிலிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வாரம் முழுக்கக் கம்பெனி லைனில் நின்றுவிட்டு, இந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்து வருகிறவர்கள். குளத்தைப் பார்த்தேன். காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் மங்கிக்கிடந்தது. உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் இங்கே குன்றத்தூர் மலைக்கோயிலில், உங்கள் தங்கச்சி பிள்ளையின் காதுகுத்தில் இருந்தீர்கள். பின்னால் மேளச் சத்தம்.

"அண்ணி, தண்ணி சரியில்ல. கிளாஸ நிறுத்திடட்டுமா?"

"வேன் வெச்சிகினு வந்தவங்களத் திருப்பி அனுப்பினா அடுத்த வாரம் எவ வருவா? வெயிலுக்கு அப்படித்தான் தெரியும். ஆரம்பி."

ஆரம்பித்தேன். நேரம் ஆக ஆகத் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைந்தது. கலைமணி. நாங்குநேரிப் பக்கத்துப் பெண், பெரிய கம்பெனியில் போர்டு ஒட்டுகிற லைனில் இருக்கிறாளே, எப்போதும் குளத்து ஓரக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே நிற்பாளே, அவள்தான். கம்பிப் பக்கம் இல்லை. குளியலறையில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் முழங்கால் எனக்கே தெரியாமல் கத்தினேன்.

பெண்கள் நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மோட்டார்காரர் கொம்பையா, மோட்டார் ரூமிலிருந்து ஓடிவந்து சட்டையோடு குதித்தார். ஆழமான பக்கத்தில் தரையைக் காலால் துழாவிக்கொண்டே போனார். "தாயி, இங்கன காலுல தட்டுது!" என்றார். இரண்டு பேரும் இழுத்து மேலே போட்டோம். உதடு நீலமாக இருந்தது. நெஞ்சை அழுத்தினேன், வாயில் ஊதினேன். அவள் இருமித் தண்ணீரைக் கக்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் ஈரத் துணியோடு நான் நிற்கும்போது என் எதிரிலேயே சொன்னீர்கள். "இவதான் சார் பாத்துக்கிற ஆளு. போன் பேசிகினு இருந்தா."

யாரிடம் பேசினேன் அண்ணி? அதை ஏன் சொல்லவில்லை? அந்த எஸ்.ஐ. என்னைப் பார்த்த பார்வை உங்களுக்குத் தெரியுமா? ஹாஸ்டல் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை?

உங்கள் நாத்தனார் என்று எழுத மனம் வரவில்லை.

மஞ்சுளா


பென்னலூர்
12 மே 2025

மஞ்சுளாவுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அழுதேன். மறுபடி படித்தபோது எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

நீ என்னிடம் "தண்ணி சரியில்ல" என்று சொல்லவில்லை. "கொஞ்சம் மங்கலா கீது" என்றாய். நிறுத்தட்டுமா என்று கேட்டது உண்மை. எந்தக் குரலில் கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? முன்பின் தெரியாத கடைக்காரியிடம் பேசுவது போல. சித்திரை ஒன்றாம் தேதியிலிருந்து உன் பேச்சு அப்படித்தான் இருக்கிறது. அன்றைக்குப் பெண்கள் எதிரில், "சம்பளத்துக்கு வந்தவ மாதிரி வந்த வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு. ஆனால் அதற்கு முன்னால் நீ என்ன செய்தாய்? வாசலில் பேனர் கட்டினாய். "கெமிக்கலே இல்லாத நீச்சல் குளம்."

இந்தக் குளத்தை ஏன் எடுத்தோம் மஞ்சுளா? நீயும் நானும் அந்தச் சோதனை லைனில் நின்ற காலத்தில் கையெல்லாம் உரிந்து கிடந்தது. விடுமுறை நாளில் நீந்தப் போனால் அங்கேயும் குளோரின் நெடி, கண்ணெரிச்சல். நாள் பூரா மருந்து மோந்துவிட்டு வருகிற பெண்களுக்கு நெடியடிக்காத தண்ணீர் வேண்டும் என்று நாம்தான் பேசினோம். கல்யாண மண்டபத்துக்காரர் காலைப் பிடித்து, பின்னால் பாழாய்க் கிடந்த குளத்தைக் குத்தகைக்கு வாங்கினேன். செம்பும் வெள்ளியும் கரைந்து தண்ணீரில் இறங்கிக் கிருமியைக் கொல்லுகிற அந்தச் சின்னப் பெட்டியைப் பொருத்தினேன். அது இருந்தால் குளோரின் கொஞ்சம் போதும். "கொஞ்சம்" என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். நீ "இல்லவே இல்லை" என்று சொன்னாய். மருந்து குறைவாக இருக்கிற தண்ணீரைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும். புளிப்பு ஏறினால் கண் எரியும், காரம் ஏறினால் இருக்கிற கொஞ்ச மருந்தும் வேலை செய்யாது. எத்தனை தடவை உன்னை உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன்! நீ பேனர் கட்டியதும் ஒரு வேன் வந்த இடத்தில் இரண்டு வேன் வந்தது. அத்தனை உடம்பு இறங்கினால் எந்தத் தண்ணீர் தாங்கும்?

இன்னொன்று. சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் தண்ணீரைச் சோதித்தேன். புளிப்பாக இருந்தது. புளிப்பை முறிக்கச் சோடாத் தூளை அளந்து, வாளியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். என் அளவு தப்பவில்லை. ஞாயிறு காலையில் குளம் தெளிவாக இருந்ததை உன் அண்ணனும் பார்த்தார், நீயே எழுதியிருக்கிறாய். பிறகு சாயங்காலத்துக்குள் எப்படிப் பாலாக மாறியது? அதை நீ சொல்.

எஸ்.ஐ.யிடம் நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நீ போனில் பேசினாய். மீதியை அவர் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நான் மலைக்கோயிலில் இருந்தேன், எனக்குத் தெரியாது. தண்ணீர் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தவள் நீ. ஏன் எல்லோரையும் மேலே ஏற்றவில்லை?

பிரவீனா


குன்றத்தூர்
15 மே 2025

அண்ணிக்கு,

சனிக்கிழமை நீங்கள் சோடா போட்டீர்களா?

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டேன்.

உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் சசிரேகா வீட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை மதிய வகுப்பில் கலைமணி கண் சிவந்து நின்றாள். "எக்கா, எரியுதுக்கா" என்றாள். புளிப்பு ஏறியிருக்கும் என்று தோன்றியது. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சம்பளத்துக்கு வந்தவள் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் சீக்கிரமே வந்து, மோட்டார் ரூம் பக்கத்து மூட்டையிலிருந்து, நீங்கள் வழக்கமாக அள்ளுகிற அளவுக்கு அள்ளிக் கரைத்து ஊற்றினேன். சோதித்துப் பார்க்கவில்லை. நேற்றுப் புளித்தது இன்றைக்கும் புளிக்கும் என்று நினைத்தேன். நீங்கள் ராத்திரியே சரிசெய்துவிட்டீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஒரு குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. குழம்பாக இருந்தால் கீழே கொட்டியிருக்கலாம்.

நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரு வாரம் வைத்தால் வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும், அத்தனையும் சுண்ணாம்பு. காரம் ஏறினால் அந்தச் சுண்ணாம்பு தண்ணீரிலிருந்து பிரிந்து வெளுத்து மிதக்கும். இரண்டு பேர் ஊற்றியதும் அதுதான் நடந்திருக்கிறது. முதலில் மங்கியது. அந்த நேரத்தில்தான் உங்களுக்குப் போன் செய்தேன். பிறகு பாலானது. அதனால் போனில் நான் "மங்கலா கீது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பேன்.

இதற்காக உங்கள் மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கூடியிருக்கிறது. ஒரே வீட்டுக்காரர்கள், ஒரே குளம். நீங்கள் என்ன ஊற்றினீர்கள் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன ஊற்றினேன் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அண்ணன்தான் கொண்டுவர வேண்டும். அவருக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கலைமணியை ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேசுகிறாள், ஆனால் நெஞ்சு இரைகிறது. அவள் அப்பா வனமாமலை கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். திட்டவில்லை. "பொம்பளப் புள்ளைய பொம்பளையளே பாத்துக்கிடுவாவன்னு நம்பித்தான் விட்டேன். ரெண்டு பேரு இருந்தியளே, ஒருத்தி கூடவா பாக்கல?" என்று கேட்டார். வார்டிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் மேலே ஏற்றவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இப்போது பதில் எழுத மாட்டேன்.

மஞ்சுளா


பென்னலூர்
18 மே 2025

மஞ்சு,

நீ சோடா போட்டதை எழுதியதற்கு நன்றி. நீ எழுதாமல் விட்டிருந்தால் இந்த ஜென்மத்தில் எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உன்னை விட்டுக்கொடுத்துப் பேசினேன் என்று உன் அண்ணன் என்னோடு சண்டை போட்டார். அவர் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவார். நேற்று அவரே ஒரு வழி சொன்னார். பொறுமையாகப் படி.

வனமாமலை எழுதிக் கொடுத்த புகாரின் பேரில் இருபத்தாறாம் தேதிக்குள் நாம் இரண்டு பேரும் ஸ்டேஷனில் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நீ என்னைச் சொல்லி, நான் உன்னைச் சொன்னால் இரண்டு பேர் மேலும் கேஸ் விழும். உன் கம்பெனியில் தெரிந்தால் வேலை போகும். குத்தகையும் போகும். ஒரே குடும்பம் கோர்ட் வாசலில் எதிரும் புதிருமாக நிற்க வேண்டி வரும்.

தண்ணீர் ஏன் கலங்கியது என்றுதானே கேட்பார்கள்? ஃபில்டர் மோட்டார் ஓடாததால் கலங்கியது என்று சொல்லிவிடலாம் என்கிறார் உன் அண்ணன். மோட்டாரை ஓடவிடுவது கொம்பையா வேலை. அன்றைக்கு நிறுத்திவைத்துவிட்டார், நமக்குத் தெரியவில்லை என்று இரண்டு பேரும் ஒன்று போலச் சொன்னால் போதும். அவர் நம்மிடம் நிரந்தர ஆள் இல்லை, பகுதி நேரம் வந்து போகிறவர். மிரட்டி அனுப்பிவிடுவார்கள், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஊருக்குப் போய்விட்டு நாலு மாதம் கழித்து வரட்டும். அவருக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கும் இது பிடித்துச் செய்கிற காரியம் இல்லை. ஆனால் உன்னைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் எண்ணைத் திறந்துவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வா. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். உட்கார்ந்து பேசலாம்.

உன் அண்ணி
பிரவீனா


குன்றத்தூர்
20 மே 2025

அண்ணி,

உங்கள் கருவாட்டுக் குழம்பு எனக்கு வேண்டாம். திறந்த எண்ணை மறுபடி மூடிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதமாக உங்களோடு முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் காட்டிக்கொடுத்தீர்கள். அப்போதுகூட உங்களை இவ்வளவு கேவலமாக நினைக்கவில்லை. நாம் இரண்டு பேரும் சமாதானமாகப் போக வேறு ஒரு மனுஷன் கழுத்தா கிடைத்தது?

கொம்பையா குதிக்காமல் இருந்தால் கலைமணி செத்திருப்பாள். நான் ஆழமில்லாத பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கம்பியை விடாத பெண் ஆழத்துக்குப் போயிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்தான் நேராக அங்கே போனார். அன்றைக்கு முழுநாளும் மோட்டார் ஓடியது. அந்தச் சத்தத்தில்தான் நான் தொண்டை கிழியக் கத்தினேன். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். அவர் இனிமேல் சசிரேகா வீட்டு வாசலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன்.

என்னைக் காப்பாற்ற என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை படித்த பிறகும் எரிகிறது. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அன்றைக்கே ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம். "அவ எங்கிட்டதான் சார் பேசினா." அதைச் சொல்லாமல் இப்போது கொம்பையாவைத் தள்ளிவிட்டு என்னைத் தூக்கப் பார்க்கிறீர்கள்.

நேற்று மறுபடியும் கலைமணியைப் பார்த்தேன். அவள் அப்பா டீ குடிக்க வெளியே போயிருந்தார். அவளாகவே பேசினாள். தோழி ஒருத்தி கூப்பிட்டாளாம், கம்பியை விட்டுவிட்டு நாலடி வைத்தாளாம், தரை சரிந்து இறங்குகிற இடம் தெரியவில்லையாம். தெளிந்த தண்ணீராக இருந்தால் அங்கே நீலக் கோடு தெரியும். பிறகு சொன்னாள்: "உங்க காலு எம் பக்கத்துலதாங்க்கா வந்துச்சு. நிழல் மாதிரி தெரிஞ்சுது. பிடிச்சிரலாம்னு கைய நீட்டுனேன். எட்டல. நீங்க திரும்பிப் போயிட்டீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

ஏன் மேலே ஏற்றவில்லை என்று கேட்டீர்களே. இப்போது சொல்கிறேன். தண்ணீர் பாலாவதைப் பார்த்தேன். ஏற்ற வேண்டும் என்று தெரியும், விசில் வாயில்தான் இருந்தது. "ஆரம்பி"ன்னு சொன்னாங்கல்ல, அவங்க குளம், அவங்க தண்ணி, அவங்க பேச்சு, நாளைக்கு நாலு பேருக்குச் சொறி வந்தா அவங்களே பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன். ஒரு உயிர் போகும் என்று நினைக்கவில்லை. உங்களுக்குக் கெட்ட பேர் வர வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அந்தக் கெட்ட எண்ணத்தோடு விசிலை ஊதாமல் நின்றேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனுக்குப் போய் இதையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். பேனர், சோடா, போன், விசில், எல்லாம். உங்கள் பெயரும் வரும். நீங்கள் என்ன சொல்வீர்களோ சொல்லிக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடவில்லை என்று நீங்கள் சொன்னால், ஓடியது என்று கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே வந்து சொல்வேன். அண்ணன் தட்டை மட்டுமல்ல, அடுப்பையே தள்ளிவிட்டாலும் சரி.

மஞ்சுளா


பென்னலூர்
28 மே 2025

மஞ்சு,

உன் கடிதம் வந்த அன்று அதைக் கிழித்துப் போட்டேன். பிறகு துண்டுகளைச் சேர்த்து மறுபடி படித்தேன். என்னைக் கேட்காமல் என் பெயரையும் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடி, பிறகு நீ திட்டு.

திங்கட்கிழமை நானும் உன் அண்ணனும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். மோட்டார் ஓடவில்லை என்று சொல்வதாகத்தான் கிளம்பினேன். உண்மையைச் சொல்கிறேன், உன் கடிதத்தால் நான் மாறவில்லை. போகிற வழியில் குளத்துச் சாவியை எடுக்க உள்ளே போனேன். கொம்பையா மோட்டார் ரூம் வாசலில் குந்தி உட்கார்ந்து ஃபில்டர் மணலைக் கழுவிக்கொண்டிருந்தார். குளம் மூடிக்கிடக்கிறது, யாரும் வரச் சொல்லவில்லை. "மணல் இறுகிப்போவும்லா தாயி" என்றார். பிறகு, "அந்தப் புள்ள எப்படி இருக்கா? நான் போயி பாத்தா தப்பா நெனப்பாவளோ?" என்று கேட்டார். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வந்து பைக்கில் ஏறிவிட்டேன்.

ஸ்டேஷனில் உன் வாக்குமூலத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் என்னிடம் கேட்டார்கள்.

"மோட்டார் ஓடுச்சா, இல்லையாம்மா?"

உன் அண்ணன் என் காலை மிதித்தார்.

"ஓடுச்சு சார்" என்றேன். அவர் இன்னும் அழுத்தி மிதித்தார். "காலையிலேர்ந்து ஓடுச்சு. அவரு மேல ஒண்ணும் இல்ல சார். அவருதான் அந்தப் பொண்ண எடுத்தாரு."

போனைப் பற்றியும் நானே சொன்னேன். அது என்னிடம் பேசிய போன், நான்தான் ஆரம்பிக்கச் சொன்னேன் என்று. எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"சொன்னா நானும் மாட்டிப்பேன்னு சார்."

அவர் எழுதிக்கொண்டார். இரண்டு பேர் மேலும் கேஸ். உன் மேல் ஒன்று, என் மேல் ஒன்று. உன் அண்ணன் வெளியே வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். நான் பென்னலூர் வரை ஷேர் ஆட்டோவில் வந்தேன். மூன்று நாளாகப் பேச்சில்லை. அவர் கூடப் பிறந்தவளைக் காப்பாற்ற நினைத்தார், அது என்னால் கெட்டது என்று அவர் கணக்கு.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் குளத்துக்குப் போய்க் கொம்பையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன செய்ய இருந்தோம் என்பதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எஸ்.ஐ. கேட்பாரே, நாலு பேர் பேசுவார்களே, அவர் என் வாயால் கேட்கட்டும் என்று தோன்றியது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எழுதிக் குடுத்துட்டீயளா, குடுக்கலையா?"

"குடுக்கல."

துணியை மடித்து வைத்தார். "நாளையிலேர்ந்து நான் வரல தாயி. கோவத்துல சொல்லல. பயமா இருக்கு" என்றார். ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். ஒரகடத்தில் ஏதோ கம்பெனி பம்பு ஹவுஸில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன் மஞ்சு.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். எனக்குக் கெட்ட பேர் வர வேண்டும் என்று விசில் ஊதாமல் நின்றேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்தபோது உன் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளை இல்லாத எனக்கு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீதான் கூட. என்னைப் பிடிக்கவில்லை என்றால் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். அந்தப் பெண்களைத் தண்ணீரில் நிறுத்தியா என்னைப் பழிவாங்குவாய்? சம்பளத்துக்கு வந்தவள் என்று சொன்னேன், தப்பு. ஆயிரம் தடவை தப்பு. ஆனால் அதற்கும் இதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

விபத்து நடந்த வாரமே தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்து கேட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். பிறகு கொசு வரும் என்று பஞ்சாயத்தில் முறையிட்டதால், தண்ணீரை இறைத்துக் கழுவிக்கொள்ளலாம், ஆய்வு முடியாமல் திறக்கக்கூடாது என்று போன வாரக் கடைசியில் எழுதிக் கொடுத்துச் சீலை எடுத்தார்கள். நேற்று இறைத்தேன். அடியெல்லாம் சுண்ணாம்பு ஓடு. விரல் வைத்தால் கீறுகிறது. தனியாகத் தேய்க்க முடியவில்லை. உன்னைக் கூப்பிடவும் மனம் வரவில்லை.

பிரவீனா


குன்றத்தூர்
3 ஜூன் 2025

அண்ணி,

அறைய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பிடித்தது. மற்றதெல்லாம் வாசிக்க வாசிக்க உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அண்ணன் மிதித்த காலைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் சிரித்தேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

கொம்பையாவைப் பார்க்க ஒரகடம் போனேன். கேட்டுக்கு வெளியே வந்து நின்று பேசினார். நல்ல மரியாதையாகப் பேசினார், தாயி தாயி என்று. ஆனால் திரும்பி வருகிறீர்களா என்று நான் கேட்கும்போதெல்லாம் செக்யூரிட்டியைப் பார்த்தார். வர மாட்டார் அண்ணி. அதை நாம் சரிசெய்ய முடியாது.

கலைமணி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாள். ஊருக்கு வந்துவிடு என்று அப்பா எவ்வளவோ மன்றாடியும் போகவில்லை. தங்கை காலேஜில் சேருகிறாளாம். மாத்திரை போட்டுக்கொண்டு லைனில் நிற்கிறாள். ஹாஸ்டல் வாசலில் பார்த்தேன். குளியலறையில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது மூச்சு அடைக்கிறதாம், கண்ணை மூடாமல் குளிக்கிறாளாம். "குளம் திறந்தா உனக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "சொல்லாதீங்கக்கா. எனக்கா தோணுச்சுன்னா வாறேன். நீங்க கூப்பிட்டு நான் வந்தேன்னு இருக்கக்கூடாது" என்றாள். அவள் அப்பா புகாரைத் திரும்ப வாங்கவில்லை. வாங்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

என் கம்பெனியில் தெரிந்துவிட்டது. ஹெச்.ஆர். கூப்பிட்டு, கேஸ் முடியும்வரை சூப்பர்வைசர் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று சொன்னார்கள். வேலை இருக்கிறது. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. பழகிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்களை மன்னித்துவிட்டு வரவில்லை, நீங்களும் என்னை மன்னித்துவிட்டுக் கதவைத் திறக்க வேண்டாம். இறைத்த குளத்தை வெயிலில் அப்படியே விட்டால் சுண்ணாம்பு கல்லாகிவிடும், டைல்ஸ் பெயர்ந்துவிடும். சுரண்டுவதற்கு இரும்புத் தகடு இரண்டு வாங்கி வருகிறேன். நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேலே நின்று பார்க்கக்கூடாது. நீங்களும் உள்ளே இறங்க வேண்டும். உங்களுக்கு என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். காலிக் குளத்தில் கத்தினால் எதிரொலிக்கும், மண்டபம் வரைக்கும் கேட்கும். கேட்கட்டும்.

திறக்க அனுமதி கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. கிடைத்து, என்றைக்காவது தண்ணீர் நிரப்பினால், அதில் என்ன போட்டாலும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள். நானும் சொல்லிவிட்டுப் போடுகிறேன். கேட்கிறவர்களுக்கு அது சண்டை போலக் கேட்டால் பரவாயில்லை.

மஞ்சு